டி.சி. வாங்கச் சொல்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். காலை ஜெபத்தில் ஸ்பீக்கர் அலறினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், மணி அடித்தால் வகுப்பை விட்டு ஓடுவான். டைரியில் 'அடங்குவதில்லை' என்று எழுதி எழுதி அனுப்பினார்கள். போன மாதம், இங்கே சிறப்பாசிரியர் இல்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருடமும் சிறப்பாசிரியர் இல்லைதான். ஆனால் மூன்றாம் வகுப்பு மிஸ், ஜெப நேரத்தில் அவனை வராந்தா ஓரத்தில் நிற்க விட்டார், அன்றைக்கு என்னென்ன பாடம் என்று ஒரு அட்டையில் படமாக வரைந்து மேஜையில் ஒட்டினார், மணி அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே காதில் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், செலவு ஒரு அட்டை. வருடம் முழுக்க ஒரு புகார் இல்லை. வகுப்பு மாறியது, மிஸ் மாறினார், எல்லாம் போயிற்று. ஒரு மிஸ்ஸின் நல்ல மனசாக இருந்ததைப் பள்ளியின் வழக்கமாக மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டத்தைச் சொல்லிக் கேட்டால், "சிறுபான்மைப் பள்ளி, எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்கிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்தது கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு. ஆட்டிசம் உட்பட 21 வகைகள் அதில் இருக்கின்றன, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிகளையும் சேர்த்துத்தான் அது பேசுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்றெல்லாம் அரசே சலுகை தருகிறது. அதற்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான்காம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்தால் எங்கே போய் விண்ணப்பிப்பது?

ஸ்பெஷல் ஸ்கூல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தெரபிக்கே பெங்களூருக்கு பஸ் ஏறுகிறோம், போனால் ஒரு நாள் கூலி போச்சு.

நாங்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். பள்ளி நிர்வாகத்தையே கேட்கிறேன்: பள்ளி தொடங்குமுன் ஆசிரியர்களுக்குத் தியானம் வைக்கிறீர்களே, அதில் அரை நாளை இதற்கு ஒதுக்கி, அந்த மூன்றாம் வகுப்பு மிஸ்ஸையே பேசச் சொல்லுங்கள்.

டி.சி. விண்ணப்பத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

— ஒரு தகப்பன், காவேரிப்பட்டணம்