விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் இந்நாட்களில், எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பவை பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதுகின்றன. ஈரோடு மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து, அவற்றில் பெரும்பகுதியைச் சேர்க்கைப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் கழித்தவன் என்ற முறையில், சேர்க்கை வேலைகளை மாணவரே செய்து பழக வேண்டும் என்ற, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விஷயத்தைத் தங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாக இந்த ஆண்டு கல்லூரிப் படி ஏறவிருக்கும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜூன் மாதத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு குடும்பம் வந்து நிற்கும். சான்றிதழ்கள் இருக்கும் பை அப்பாவின் கக்கத்தில் இருக்கும். "உன் பேரென்ன தம்பி?" என்று பையனைப் பார்த்துக் கேட்டால் அப்பா சொல்வார், "எந்த குரூப் படிச்சே?" என்று கேட்டால் அம்மா சொல்வார். கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வரும்போதுதான் பையன் முன்னால் வருவான், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கீங்கப்பா போடறது?" என்று திரும்பிப் பார்ப்பான். ஐந்நூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய பையனாகவும் அவன் இருப்பான். இதில் எங்கள் தவறும் உண்டு. பையனிடம் நேரில் சொன்னால் முடிந்துவிடும் காரியத்துக்கெல்லாம் "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்தாம்.

நான் பட்டம் வாங்கியபோது எங்கள் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல்தான் வந்தது, சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல். இன்றைக்குக் கோபியிலோ தாராபுரத்திலோ இருந்துகொண்டு கல்லூரி தூரம் என்று யாரும் சொல்ல முடியாது. தூரம் குறைந்த அளவுக்குக் காரியங்களைத் தாங்களே செய்யும் பழக்கமும் பிள்ளைகளிடம் குறைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு ஆண்டுகளையும் விடுதிப் பள்ளிக்குள் காலை ஐந்து மணிப் படிப்பும் இரவு பத்து மணித் தேர்வுமாகக் கழித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, வங்கியில் பணம் கட்டும் சீட்டை நிரப்பவோ, ஊர் பஸ்ஸில் தனியாகப் போய் ஒரு வேலையை முடித்து வரவோ வாய்ப்பே கிடைப்பதில்லை. அப்படி ஒரு வாய்ப்பு, முடிவு வந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடையில் தானாக வருகிறது. அதைப் பெற்றோரும் கம்ப்யூட்டர் சென்டர்காரரும் பறித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

சான்றிதழ்களையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஓர் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றில் இரண்டு இனிஷியல் என்று மூன்று விதமாக இருக்கும் பெயர்களைச் சேர்க்கைப் பிரிவில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். சேரும் நாளில் கண்டுபிடித்தால் அது தலைவலி; ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்தால் சின்னத் திருத்தம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும், அதைச் செய்ய வேண்டியவர் அந்தப் பெயருக்கு உரியவரே. வருமானச் சான்றுக்கும், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் வேலையையும் மாணவரிடமே விட்டுவிடுங்கள். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010இல் நடைமுறைக்கு வந்தது. பொறியியலில் அது ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்குத்தான் கிடைக்கும், கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. இந்த ஒரு வரி தெரியாமல், கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பணம் கட்டிவிட்டுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் போன்ற தொழிற்கல்விகளில் 2021இலும் வந்தது. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையிலும் தொடங்கப்பட்டன. இந்தப் பணம் மாணவரின் சொந்தக் கணக்குக்கு வருவது. ஆனால் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது, ஆதாருடன் இணைந்திருக்கிறதா, அதற்குக் கொடுத்த கைப்பேசி எண் யாருடையது என்று கேட்டால் "அப்பாவுக்குத்தான் தெரியுமுங்க" என்பதே பதில். எண் பெரியப்பா மகனுடையதாக இருக்கும். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். ஓடிபி அவருக்குப் போகும். ஒரு கையெழுத்தில் முடிய வேண்டிய காரியம் ஒரு வாரம் இழுக்கும்.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கணிதத்தில் நூற்றுக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பது, ஆக 200 என்ற கட்-ஆஃப் கணக்கு எல்லா வீட்டிலும் மனப்பாடம். ஆனால் விருப்பப் பட்டியலில் எந்த வரிசையில் கல்லூரிகளைப் போடுகிறோமோ, அந்த வரிசையில்தான் இடம் தேடப்படும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. மனசுக்குப் பிடித்ததைக் கீழேயும் "கிடைச்சா போதும்" என்றதை மேலேயும் போட்டுவிட்டு, மேலே போட்டதே கிடைத்தபின் வருந்துவதில் பயனில்லை. சென்டரில் ஐம்பது பேருக்கு ஒரே பட்டியலைத் தட்டிக் கொடுக்கும் நண்பர் கெட்டவர் அல்லர். அவருக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். பட்டியலை முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையால் எழுதுங்கள். முடிந்தால் முதல் ஐந்தாறு கல்லூரிகளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வளாகத்தின் முகப்பைப் பார்த்து மயங்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம், "லேப்ல மெஷினைத் தொட விடுவாங்களாங்க?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தங்கை மகன் ஒரு தனியார் கல்லூரியில் அவசரமாகச் சேர்ந்துவிட்டு, பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தபோது, அசல் சான்றிதழ்களைத் தர அக்கல்லூரி மறுத்தது; முழுப் படிப்புக்குமான கட்டணத்தைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்றார்கள். வாழ்நாளெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் இருந்த எனக்கே கொஞ்சம் வியர்த்துவிட்டது. சரிபார்த்தபின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுவதும், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைத்தும் திருப்பித் தர வேண்டும் என்றும், கடைசித் தேதி கடந்து 30 நாளுக்குப் பின் எதுவும் கிடைக்காது என்றும் அதில் இருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்துப் போய் மேசையில் வைத்தது நான் அல்ல, அந்தப் பையனேதான். பன்னிரண்டு நாள் அலைந்தபின் சான்றிதழ்கள் வந்தன.

கல்விக் கடனிலும் இதே கதைதான். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் வங்கிகள் கடன் தருகின்றன. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தவணை தொடங்கும். ஆனால் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. கடனை வாங்குபவர் மாணவர்தான், பெற்றோர் உடன் வாங்குபவர் மட்டுமே. சீட்டு எடுத்தும் எருமையை விற்றும் கட்டிப் பழகிய நம் பக்கத்தில், நான்கு ஆண்டு முடிவில் மொத்தம் எவ்வளவு வரும் என்று வங்கி மேலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட மாணவரை நான் கண்டதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனாலும் பெரும்பாலோர் ஆங்கில வழியில்தான் சேர்கிறார்கள், முதல் மாதத்தில் அஞ்சி ஒடுங்குகிறார்கள். இதற்குப் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓட வேண்டியதில்லை. அரசின் பிளஸ் 2 இயற்பியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடம், ஒரே படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நாளுக்கு நான்கு பக்கம் படியுங்கள். 'முடுக்கம்' என்று நீங்கள் படித்ததைத்தான் அங்கே 'ஆக்சலரேஷன்' என்பார்கள். புதிதாக வருவது பெயர் மட்டுமே.

ராகிங் பற்றி அஞ்சுவோர், 1997 முதலே தமிழ்நாட்டில் அது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் 1800-180-5522 என்ற உதவி எண்ணையும் குறித்துக்கொண்டால் போதும். வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாலை ஷிப்டுக்குப் போய்விட்டு முதல் பீரியடைத் தவறவிடும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் செமஸ்டர் கடைசியில் வந்து நிற்பதைவிட, முதல் வாரமே துறைத் தலைவரிடம் நிலைமையைச் சொல்லிவிடுவது மேல்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பர்கூர் மலையிலிருந்து அந்தியூர் வந்து பஸ் மாறி, ஒரு பெண் தனியாகச் சேர்க்கைக்கு வந்தது. அப்பா காட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னது. சான்றிதழ்களை ஜவுளிக்கடைக் கவரில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. கட்டண விவரத்தாளை வாங்கி, ஜன்னலை மறிக்காமல் ஓரமாக நின்று, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தபின் என்னிடம் திரும்பிக் கேட்டது: "சார், இதுல 'இதர கட்டணம்'னு போட்டிருக்கறது என்னாங்க?" அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் சரியாகத் தெரியாததால், எழுந்து உள்ளே போய்க் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு வந்துதான் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
கோபிசெட்டிபாளையம்.