கதையைச் சொல்வது ஹேசல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் என்னைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். பெயர் போடவில்லை, அவ்வளவுதான். "பேரன் பேத்தி எடுத்த வயதில் விடுதிப் பள்ளித் துப்பறியும் கதைகளைப் படிப்பவர்கள் வாழ்க்கைக்குப் பயந்தவர்கள்" என்கிறார் கட்டுரையாளர். எனக்கு வயது 59. ஒரு பேத்தி இருக்கிறாள். கூட்டுறவுத் தணிக்கையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாழ்க்கைக்குப் பயந்துகொண்டே அத்தனை சங்கங்களின் ரொக்கப் புத்தகத்தை எப்படிச் சரிபார்த்தேன் என்பதையும் அவரே விளக்கிவிட்டால் நல்லது.

கருத்து அவருடையது, இருந்துவிட்டுப் போகட்டும். தகவலாவது சரியாக இருக்க வேண்டாமா? ராபின் ஸ்டீவன்ஸ் எழுதி 2014இல் வெளிவந்த 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' நாவலை, "டெய்சி என்ற வெள்ளைக்காரச் சிறுமி தன் பிரதாபத்தைத் தானே அளக்கும் கதை" என்று எழுதியிருக்கிறார். புத்தகத்தைப் பிரித்திருந்தால் இப்படி எழுத வராது. கதையைச் சொல்பவள் டெய்சி அல்ல, ஹேசல் வோங். ஹாங்காங்கிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்த பெண். 1934இல் நடக்கிறது கதை. உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் ஆசிரியை பிணமாகக் கிடப்பதை முதலில் பார்ப்பவளும் அவளே. ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் உடலைக் காணோம். இருவர் மட்டுமே உள்ள அவர்களுடைய துப்பறியும் சங்கத்துக்கு டெய்சி தலைவி, ஹேசல் செயலாளர். செயலாளர் எழுதும் குறிப்பேடுதான் நாம் படிக்கும் நாவல். குளிர், சாப்பாடு, பேச்சு எல்லாமே அவளுக்குப் புதிது. அதனாலேயே மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் போவதை அவள் எழுதி வைக்கிறாள். உங்கள் கட்டுரையில் அவள் பெயரே இல்லை.

இந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது? தணிக்கைக்காரியின் பதிலைச் சொல்கிறேன். விடுதிப் பள்ளியில் எழுவதும் உண்பதும் விளக்கணைப்பதும் மணி அடித்துத்தான். யார் எந்நேரம் எங்கே இருந்தார் என்பது கால அட்டவணையிலேயே கிடக்கிறது. அந்த அட்டவணையில் ஓர் ஆசிரியைக்கு மட்டும் அரை மணி நேரம் கணக்கில் வரவில்லை என்றால், அது வவுச்சர் இல்லாத செலவு. விடுவேனா? அகதா கிறிஸ்டியும் 1959இல் ஒரு பெண்கள் பள்ளிக்குள் கொலைகளை வைத்தார். தன் துப்பறிவாளர் பொய்ரோவைப் பாதிக் கதைக்கு மேல்தான் உள்ளேயே விட்டார். அதைப் படித்தால் ரசனை, இதைப் படித்தால் வளராத மனம்! அதிலும் முக்கியத் தடயத்தைக் கண்டெடுப்பவள் ஒரு மாணவிதான். எங்கிருந்து எடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். நான் உங்கள் மதிப்புரையாளர் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்புரையின் இரண்டாவது பத்தியிலேயே கொலையாளி யார் என்று போட்டீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

முத்து காமிக்ஸின் ஐம்பதாம் ஆண்டுக்கு 2022இல் நீங்கள் நான்கு பக்கம் ஒதுக்கியதும் நினைவிருக்கிறது. தலை நரைத்த ஆண்கள் இரும்புக்கை மாயாவியை மார்போடு அணைத்து நிற்கும் படம் வேறு. அதற்குப் பெயர் "மலரும் நினைவுகள்". எனக்கும் மாயாவியைப் பிடிக்கும். நூலகத்தில் அவர்கள் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். நான் கேட்டால், "பொண்ணு எத்தனாவது படிக்குது?" என்கிறார்கள்.

1979இல் நான் எட்டாம் வகுப்பு, விடுதியில். எனிட் பிளைட்டன் கதைகளில் வரும் துப்பறியும் சிறுவன் ஃபேட்டி காட்டிய வித்தை ஒன்று உண்டு. வெளியே பூட்டிச் சாவியைத் துவாரத்திலேயே விட்டிருந்தால், கதவுக்கு அடியில் செய்தித்தாளைத் தள்ளி, உள்ளிருந்து கம்பியால் சாவியைக் குத்திவிட வேண்டும். தாளில் விழும் சாவியை இழுத்துக்கொள்ளலாம். தோழி வெளியே பூட்ட, பண்டக அறைக்குள் நின்று நான் செய்து பார்த்தேன். சாவி விழுந்தது, ஆனால் கதவிடுக்கு போதவில்லை. தாள் கிழிந்து பாதிதான் கைக்கு வந்தது. உங்கள் பத்திரிகைதான்.

அதே வருடம் ஒருத்தியின் டிரங்குப் பெட்டியிலிருந்து இருபது ரூபாய் காணாமல் போனது. விடுதிப் பொறுப்பாளர் யாரையும் விசாரிக்கவில்லை. கட்டணச் சலுகையில் படித்த பெண்ணைத்தான் நேரே பார்த்தார். அவளோ அன்று மாலைப் படிப்பு நேரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மைப்பேனாவை வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று சொன்னேன். "உன்னை யார் கேட்டது?" என்றார். மறுவாரம் அவள் அப்பா வந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அரையாண்டு விடுமுறைக்குப் பெட்டிகளைக் காலி செய்தபோது பணம் கிடைத்தது, பணத்துக்குரியவளின் டிரங்கிலேயே, அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே. போனவளைத் திரும்ப அழைத்து யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஹேசலாக இருந்தால் அந்த மைப்பேனாவை முதல் பக்கத்திலேயே குறித்து வைத்திருப்பாள். எனக்கு இதில் என்ன பயம் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, 'திருத்தம்' பகுதியில் ஒரே ஒரு வரி: அந்த நாவலைச் சொல்பவள் ஹேசல் வோங். இடம் போதாது என்றால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வழக்கம்போல. பெயரை மட்டும் 'ஹசல்' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

சந்தாவைச் சென்ற மாதமே புதுப்பித்துவிட்டேன். கட்டுரை அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்