அந்தப் பிள்ளையின் கையெழுத்து

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னவற்றைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததை, அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. கண்டிக் கிளையில் உன்னிடம் வேலை செய்யும் பிள்ளை ஐந்து மாதக் கர்ப்பிணி என்று தெரிந்ததும், "நீங்களாகவே இராஜினாமாக் கடிதம் தந்தால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை" என்று சொல்லி, தகுதிகாண் காலம் முடியுமுன்பே கையெழுத்து வாங்கிவிட்டதாகச் சொன்னாய்.

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. நீ வயிற்றில் இருந்தபோது, கொழும்புக் கோட்டைப் பகுதியில் நான் தட்டெழுத்தாளராக இருந்த நிறுவனத்தின் முகாமையாளரும் தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு அதையேதான் சொன்னார். கடிதத்தையும் என்னைக் கொண்டே தட்டெழுதுவித்தார். அதில் ஒரு பிழையும் வந்துவிடக் கூடாது என்று நான் கவனமாக இருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. உன் அப்பாவிடம், நானாகத்தான் விட்டேன் என்று சொன்னேன்.

பின்பு ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்த காலத்தில்தான் எனக்குச் சில விடயங்கள் தெரிய வந்தன. உன்னுடைய அலுவலகம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வருகிறது. கர்ப்பத்தையோ பிரசவத்தையோ மட்டும் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த அந்தச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தகுதிகாண் காலம் என்பதற்காக அந்தத் தடை நீங்கிவிடுவதுமில்லை. இராஜினாமா என்று தலைப்பு இருந்தால் தப்பிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. வற்புறுத்தி வாங்கிய கடிதத்தைப் பணிநீக்கமாகவே கொண்டு தொழில் நியாயசபை விசாரிக்கலாம். ஆறு மாதத்துக்குள் அவள் அங்கே விண்ணப்பித்தால் போதும். உன் ஆட்கள் அந்தக் காலக்கெடுவை அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சம்பளத்துடன் 84 நாள் லீவு என்பதுதான் உன்னை உறுத்துகிறது. வார விடுமுறையும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராதபடியால், அது நாலு மாதத்துக்குக் கிட்டப் போகிறது என்பதும் உண்மை. முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள்தான். 2018இல் திருத்திய பின்பு எத்தனையாவது பிள்ளையானாலும் 84. இவ்வளவு செலவும் முதலாளி தலையிலேயே விழுகிறது, அரசாங்கம் ஒரு சதமும் பங்கு போடுவதில்லை என்று நீ குறைப்பட்டாய். அந்தக் குறையில் நியாயம் உண்டு. பெண்களை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கை நீ தொழில் அமைச்சோடு பேச வேண்டும், வாந்தியும் களைப்புமாக வேலைக்கு வரும் ஒரு பிள்ளையோடு பேசக் கூடாது.

கடிதம் இன்னும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொன்னாய் அல்லவா? திங்கட்கிழமை காலையிலேயே அதை அவளுடைய கையில் திருப்பிக் கொடு. வேலை தொடர்கிறது என்பதையும், லீவு எப்போதிருந்து என்பதையும் எழுத்தில் கொடு. கொடுத்த பின்பு எனக்குத் தொலைபேசி எடு. அதுவரை நான் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா