ஓட்டத்தை விடாதே, சுருக்கிக்கொள்

மதுரை

அன்பு மகள் கவிதாவுக்கு,

"ஓட்டத்தை விட்டுடட்டுமாப்பா?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, மீதியைப் பக்கத்தில் இருக்கும் உன் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா, கேட்டு வருத்தப்படுவார். அதனால்தான் எழுதுகிறேன். விடாதே. ஆனால் ஜனவரி மாரத்தானுக்காகப் போட்ட அட்டவணையை இன்றே கிழித்துப் போடு. வாரம் ஐந்து நாள், ஞாயிறு மூன்று மணி நேரம் என்பதெல்லாம் மாப்பிள்ளை பைபோலாரிலிருந்து, அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் ஆட்டிவைக்கும் நோயிலிருந்து, தேறிவரும் காலத்துக்கு ஒத்துவராது. நீ வெளியே போவது பிரச்சினை இல்லை. எத்தனை மணிக்கு எழுகிறாய், எவ்வளவு களைத்துத் திரும்புகிறாய் என்பதுதான் பிரச்சினை.

குறைத்தால் சேர்த்துவைத்ததெல்லாம் போய்விடும் என்று பயப்படாதே. அமெரிக்காவில் ஹிக்சன் என்ற உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை அதன்பின் 15 வாரம் குறைக்கச் சொன்னார். வாரம் இரண்டே நாள் செய்தவர்களுக்கும், நாளுக்கு 13 நிமிடம் மட்டும் செய்தவர்களுக்கும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் இறங்கியது. 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி மட்டும் குறைந்தது. ஆகவே முழு மாரத்தானை இந்த வருடம் மறந்துவிடலாம். உன் நெஞ்சும் காலும் அப்படியே இருக்கும்.

வாரம் மூன்று நாள் போதும். செவ்வாய் 30 நிமிடம்: பத்து நிமிடம் மெதுவாக, பிறகு ஒரு நிமிடம் வேகம் ஒரு நிமிடம் மெது என்று ஆறு முறை, கடைசி எட்டு நிமிடம் மெதுவாக. வியாழன் 30 நிமிடம், வாய்விட்டுப் பேசக்கூடிய வேகத்தில் மட்டும். ஞாயிறு 50 முதல் 60 நிமிடம், அதுவும் வீட்டில் வேறொருவர் விழித்திருந்தால்தான். ஒரு நாள் தவறினால் தவறியதுதான், அடுத்த நாளோடு அதைச் சேர்க்காதே. விட்டதைப் பிடிக்கப் போய் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த வலியோடு இரவு கண்விழிக்கவும் முடியாது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி படி ஏறவும் முடியாது.

இனி தூக்கம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பைபோலாரில் தூக்கம் கெட்டால் மேனியா, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் வேகம் ஏறும் நிலை, கிளம்பலாம். மேனியா கிளம்புவதற்கு முதல் அறிகுறியும் பெரும்பாலும் தூக்கம் குறைவதுதான். நாலரை மணிக்கு உன் போன் அலறி, டியூப்லைட் எரிந்து, பீரோ கதவு கிறீச்சிட்டால், மாத்திரை போட்டுத் தூங்குகிறவருக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் போச்சு. வாரம் ஐந்து நாள் இது நடந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு எதிராக நீயே வேலை செய்கிறாய் என்று அர்த்தம். ஆகவே அலாரத்தைக் கை வாட்சின் அதிர்வுக்கு மாற்று. உடுப்பு, ஷூ, சாக்ஸ், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் முந்தைய இரவே ஹாலில் எடுத்து வை. படுக்கையறை விளக்கைத் தொடாதே. மிக்ஸியும் காபியும் திரும்பி வந்த பிறகு. எழுவதையும் ஐந்தரைக்குத் தள்ளு. சென்னையில் ஆறு மணிக்கே வேர்க்கும்தான், முப்பது நிமிடத்துக்கு அது ஒன்றும் செய்துவிடாது.

முந்தைய இரவு நீ தூங்கியது ஐந்து மணி நேரத்துக்குக் கீழே என்றால் ஓட்டம் கிடையாது. அவர் எழுந்த பிறகு இருபது நிமிடம் நடந்துவிட்டு வா. ஆறு மணி நேரம் கிடைத்திருந்தால் மெதுவான ஓட்டம். வேகப் பயிற்சி நன்றாகத் தூங்கிய நாளுக்கு மட்டும். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் நாடி பார். வழக்கத்தைவிட எட்டு பத்து கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை, அன்றைக்கு விட்டுவிடு.

பெசன்ட் நகர் பீச் வரை போய்த் திரும்பும் பாதை இப்போது வேண்டாம். வால்மீகி நகர்த் தெருக்களுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள். ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டு வாசலைக் கடப்பாய், போன் அடித்தால் ஐந்து நிமிடத்தில் வீட்டில் இருப்பாய். சலிப்பாக இருக்கும், நாய்களும் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து பார்க்கும், பழகிவிடும். போனை இடுப்புப் பையில் வை, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போடு.

அடுத்தது மருந்து டப்பா. நாற்பது வருடம் மருந்துக் கவுன்ட்டரில் நின்றவன் சொல்கிறேன், ஓடுகிறவர் வீட்டில், மாப்பிள்ளையைப் போல, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் சாப்பிடுகிறவரும் இருந்தால் கவனிக்க வேண்டியது நிறைய. முட்டி வலிக்கு நீ வைத்திருக்கும் மாத்திரைகளை எடுத்துப் பார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இவை மூன்றும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி நச்சாகிவிடலாம். தனி மாத்திரையைப் பலரும் தவிர்த்துவிடுவார்கள், கலவை மாத்திரையில்தான் மாட்டிக்கொள்வார்கள். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் இருக்கிறது. ஜீரோடால்-பியில் அசிக்ளோஃபினாக் இருக்கிறது. தலைவலி என்று அவர் உன் டப்பாவைத் திறந்தால் அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தையா படிப்பார்? அவருக்குத் தலைவலி, காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால் மட்டும். உன் வலி மாத்திரைகளை உன் ஆபீஸ் பையில் போட்டுவிடு, வீட்டில் வைக்கவே வேண்டாம். உன் முட்டிக்கு ஐஸ் கட்டி போதும். பிரஷர் மாத்திரைகளிலும் சில லித்தியத்தை ஏற்றும், ஆகவே எந்த டாக்டர் எது எழுதினாலும் "லித்தியம் சாப்பிடுகிறார்" என்று முதலிலேயே சொல்லிவிடு.

உப்புக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடுகிறவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டுப் பித்து பிடிப்பது சகஜம், உனக்கும் பிடித்தால் அவர் தட்டில் திடீரென்று உப்பைக் குறைக்காதே. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய். கை நடுக்கம் பெரிதானால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதே.

அவருடைய லித்தியம் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனையையும் உன் ஓட்ட நாளோடு பொருத்திக்கொள். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகுதான். ஏழு மணிக்கே எடுத்துவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார், மாப்பிள்ளைக்கு மறுபடி மேனியா கிளம்பலாம். தொடர் சிகிச்சையில் இந்த அளவைப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். லேபில் பச்சை மூடிக் குழாயை எடுத்தால் கேள்: சில பச்சை மூடிக் குழாய்களில் இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின்தான் இருக்கும். அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்து பொய் அளவு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும், சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

"நீங்களும் வாங்க, ஓடினா எல்லாம் சரியாயிடும்" என்று அவரைக் கூப்பிடாதே. ஓட்டம் உனக்கு உதவுகிறது என்பதால் அவருடைய நோய்க்கு மருந்தாகிவிடாது. டிப்ரஷனில் கிடப்பவருக்குக் காலைதான் மிகக் கடினமான நேரம், அதோடு தூக்கக் கலக்கம் தரும் ஓலான்சபின் என்ற மனநல மாத்திரை போட்டிருந்தால் எட்டு மணி வரை தலை கனக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் தெருமுனைக் கடை வரை பத்து நிமிட நடை, கையில் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். வராவிட்டால் விட்டுவிடு, முகத்தைச் சுளிக்காதே. அவர் வேகம் ஏறியிருக்கும் நாட்களில், அதாவது குறைவாகத் தூங்கியும் துள்ளலோடு, பேச்சு நிற்காமல், ஆன்லைனில் பார்சல் மேல் பார்சலாக வரவழைத்துக்கொண்டு இருக்கும்போது, ஓட்டத்துக்கும் கூப்பிடாதே, அவரே கிளம்பினாலும் கூடவே போய் ஊக்கப்படுத்தாதே. இரண்டு இரவு தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குள் தூங்கினால் மூன்றாம் இரவுக்கு முன் டாக்டரிடம் பேசு. தூங்கிய நேரத்தைக் காலண்டர் கட்டத்தில் ஒரு எண்ணாக எழுதி வை. உன் கிலோமீட்டரையும் அதே கட்டத்தில் எழுது, எது எதைப் பாதிக்கிறது என்று ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். பேங்க் ஆப்பில் தினசரி யுபிஐ வரம்பை இறக்குவதைப் பற்றி அவர் நிதானமாக இருக்கும்போதே பேசி, அவரையே செய்யச் சொல்.

சாக வேண்டும் என்பது போல அவர் பேசினால் அன்று ஓட்டமில்லை, தனியாக விடுவதும் இல்லை. நேரடியாகக் கேள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் அவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். மாத்திரைகளைப் பூட்டி வை, ஒரு வாரத்துக்கு மேல் கைவசம் வாங்கி வைக்காதே. எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அடிக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆபத்து கைமீறும் போலத் தெரிந்தால் போனோடு நிற்காமல் ஆஸ்பத்திரி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அவர் உன்னை நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவராக, எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும், நீயும் சம்மதத்தை எழுத்தில் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அதைத் தெளிவாக இருக்கும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள், அட்மிஷன் கவுன்ட்டரில் நின்றுகொண்டு தேட வேண்டாம்.

அத்தை விஷயம். "புருஷன் படுத்துக் கிடக்கான், இவ ஷூ மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்வதாகச் சொன்னாய். பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லாதே. அத்தைக்கு மட்டும் ஒரு வேலை கொடு: ஏழு அறை மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நீ நிரப்பு, தினமும் ராத்திரி எடுத்துக் கொடுத்து மகன் விழுங்குவதைப் பார்ப்பது அத்தை பொறுப்பு. நீ ஓடும் அரைமணி நேரம் மகன் பக்கத்தில் இருப்பதும் அவர் பொறுப்பு. சும்மா உட்கார வைத்தால்தான் மாமியார்களுக்குக் குறை தெரியும், உன் அம்மாவைக் கேட்டுப் பார். மனநோய் தீர வேண்டி மக்கள் தங்கும் குணசீலம் கோயிலுக்கு 48 நாள் கூட்டிப் போகலாம் என்று அத்தை சொன்னால் சண்டை போடாதே. போகட்டும். மாத்திரைப் பெட்டியும் கூடவே போகட்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது.

உன்னைப் பற்றி ஒன்று. கோபம் வந்தால் வேகமாக ஓடித் தீர்த்துக்கொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எப்போதாவது பரவாயில்லை, வாரம் முழுக்க அப்படியென்றால் மாதக் கடைசியில் கால் நொண்டும். ஓடும்போது அழுகை வந்தால் நடந்துகொண்டே அழு, தெருவில் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், ஓடப் போவதே பாரமாகத் தெரிந்தால் அது களைப்பில்லை. அவருடைய டாக்டரிடமே உனக்கும் தனியாக நேரம் வாங்கு. கவனித்துக்கொள்கிறவர்களுக்கு டிப்ரஷன் வருவது புதிதல்ல.

அடுத்த சனிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்பி ஞாயிறு விடியற்காலை எழும்பூரில் இறங்குவோம். நாங்கள் வீடு வந்து சேர்ந்ததும் நீ கிளம்பு, ஒரு மணி நேரம் போய் வா. மாத்திரைப் பெட்டிக்குச் சின்னப் பூட்டு ஒன்று வாங்கி வருகிறேன், இரண்டு சாவி இருக்கும், ஒன்றை அம்மா வைத்துக்கொள்வாள். கடைசி லித்தியம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, இரத்தம் எடுத்த நேரம் அதில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா