சிங்கப்பூர் ஆற்றங்கரையை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மாலையில் ஆற்றங்கரையில் போட் கீ, கிளார்க் கீ பக்கம் நடப்பவர்களில் பலர், இந்த ஆறு என்றைக்கும் இப்படித் தெளிவாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் வேலை அவ்வளவு சுத்தமாக முடிந்திருக்கிறது. அதனாலேயே உங்களை நினைக்க ஆளில்லாமல் போய்விட்டது.

முதல் நன்றி, நாற்றத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு. 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ கெடு வைத்தார்: பத்தே ஆண்டு, சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். மேடையில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அரசு அதிகாரி லீ எக் தியெங் முன்னின்று நடத்த, சுற்றுப்புற அமைச்சும் மற்றத் துறைகளும் அதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. தண்ணீரை மட்டும் அள்ளிச் சுத்தம் செய்தால் மறுநாளே பழையபடி ஆகிவிடும். அழுக்கு புறப்படும் இடத்துக்கே போக வேண்டும். காலாங் வடிநிலத்தில் 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், கழிவுநீர்க் குழாயே இல்லாத கம்பத்து (கிராமத்து) வீடுகள், மிச்சச் சாப்பாட்டையும் காய்கறிக் கழிவையும் சாக்கடையில் தள்ளிய தெருக்கடைகள். பண்ணைகளை அகற்றி, குடியிருந்தவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மாற்று இடம் பார்த்து, பேசிச் சம்மதிக்க வைத்து, அப்புறம்தான் சேற்றில் கை வைத்தார்கள். இழப்பீட்டுத் தொகையைச் சேர்க்காமலே சுமார் 17 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. 1987-ல் உயரதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள், சரி. பன்றிக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கிய சின்ன அதிகாரிகளுக்கும் இந்த மடல் போய்ச் சேரட்டும்.

அடுத்தது தொங்கான் என்ற சரக்குப் படகுகளை ஓட்டியவர்களுக்கு. என் கணக்கில் இவர்களுக்குத்தான் கடன் அதிகம். கப்பல் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்து இறக்கிய அந்தத் தொழிலில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களே முன்னணியில் இருந்தார்கள். பின்னால் அது சீனர் கைக்குப் போனது. படகின் முகப்பில் வழி பார்க்க இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள். ஆற்றின் குறுக்கே உள்ள கெவனா பாலம் தாழ்வானது. தண்ணீர் ஏறிவிட்டால் அடியில் நுழைய முடியாது, இறங்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இத்தனை பழகிய ஆற்றை விட்டு, 1983 செப்டம்பரில் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அது கடல். ஆற்றின் அமைதி அங்கே கிடையாது. பெரிய சரக்குப் பெட்டிகள் (கன்டெய்னர்கள்) வந்தபின் அந்தத் தொழில் எப்படியும் தேய்ந்துதான் போயிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் எங்கள் மாலை நடைக்காகப் பிழைப்பிடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நீங்கள். இன்று உங்கள் படகின் சாயலில்தான் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன.

தனியாருக்கும் நன்றி உண்டு. நீங்கள் வந்தது தண்ணீர் தெளிந்த பிறகுதான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாறும் ஆற்றின் கரையில் எந்த முதலாளியும் பணம் போடமாட்டார், போடவும் கூடாது. 1989-ல் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியானதும், கடைவீட்டு உரிமையாளர்கள் இடித்துக் கட்டினால் லாபம் என்ற கணக்கை மூட்டை கட்டிவைத்துவிட்டு, ஓட்டுக்கூரையையும் மரச் சன்னல்களையும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி பழுது பார்த்தார்கள். கிளார்க் கீயின் அறுபதுக்கு மேற்பட்ட கிடங்குகளையும் கடைவீடுகளையும் டிபிஎஸ் லேண்ட் என்ற நில மேம்பாட்டு நிறுவனம் எடுத்துப் புதுப்பித்து 1993-ல் திறந்தது. 2006-ல் வந்த அந்தப் பெரிய குடைக்கூரைகள் எனக்கு இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. மழையில் நனையாமல் நடக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். 2012-ல் கட்டட உரிமையாளர்களும் கடைக்காரர்களும் அரசு அமைப்புகளும் கைகோத்து 'சிங்கப்பூர் ரிவர் ஒன்' தொடங்கியதும் நல்ல காரியம். பக்கத்துக் கடையைப் போட்டியாகவே பார்த்துப் பழகியவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது சாதாரண வேலையா?

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. ஆற்றுக்குப் பின்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் 1970களிலேயே இடிபட்டுப் போயின. பழைய கட்டடங்களைக் காக்கும் திட்டம் வருவதற்குள் அவற்றின் கதை முடிந்துவிட்டது. இப்போது ஆற்றோரம் வெண்கலத்தில் ஒரு செட்டியாரை வைத்திருக்கிறார்கள். சிலை நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டங்கி ஒன்றாவது மிஞ்சியிருக்கலாம். நன்றி மடலில் இது எதற்கு என்று கேட்பீர்கள். எதைக் காப்பாற்றினீர்கள் என்பதன் மதிப்பு, எது போனது என்று தெரிந்தால்தான் எனக்குப் புரிகிறது.

1869-ல் கட்டிய கெவனா பாலத்தில், பாரவண்டிக்கும் மாடு குதிரைக்கும் அனுமதியில்லை என்ற பழைய அறிவிப்புப் பலகையைக் கழற்றாமல் விட்டுவைத்தவர் யாரோ, அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடைசியாக, விடிகாலையில் படகில் வந்து மிதக்கும் குப்பையை அள்ளும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும். 2008-ல் மரினா அணைக்கட்டு வந்தபின் இந்த ஆறு குடிநீர்த் தேக்கத்தோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் அள்ளாமல் விடும் பிளாஸ்டிக் டம்ளர் எங்கள் குடிநீரில்தான் மிதக்கும். கடைக்காரர்களே, ராத்திரி கடை கட்டும்போது வெளிமேசைகளில் கிடக்கும் உறிஞ்சுகுழாய்களையும் டம்ளர்களையும் காற்று தள்ளுமுன் நீங்களே எடுத்துவிட்டால், அவர்களுக்கு நாங்கள் சொல்லும் நன்றியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இப்படிக்கு,
ஆற்றோரம் தினமும் நடந்து வேலைக்குப் போகும் ஒருவர்