ஒரு கணக்கு மட்டும் சொல்லுங்க: சேலத்துலேர்ந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேனல் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். எந்த சீரியலைப் பத்தி எழுதுறோம்னு உங்களுக்கே தெரியும். ஏற்காடு எஸ்டேட் பங்களா கதை, நேரம் மாத்துறோம்னு சொல்லி பாதியில நிறுத்துனது, கடைசியா ‘தொடரும்’னு போட்டு இன்னிவரைக்கும் தொடராம இருக்கறது. நாங்க அனுப்புன ரிஜிஸ்டர் தபால் உங்க ஆபீஸுக்கு வந்து சேர்ந்ததுக்கு கையெழுத்துப் போட்ட கார்டு எங்ககிட்ட பத்திரமா இருக்கு, பதில்தான் இல்ல. ஆனா போன வாரம் நாங்க நெட்ல போட்ட ஒரே ஒரு எபிசோடை காப்பிரைட்னு சொல்லி ஒரே ராத்திரியில தூக்கிட்டீங்க. ரைட்ஸ் உங்களோடது, தூக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, அதுல நாங்க சண்டைக்கு வரல. அதைக் கவனிக்க ஒரு ஆள் இருக்காருன்னா லெட்டரைப் படிக்கவும் ஒரு ஆள் இருக்கலாமே, அதுதான் மனசு ஆறல.

அந்த எபிசோடு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். அம்மாபேட்டைல எங்க குரூப்பு அண்ணன் ஒருத்தர், தறி ஓட்டுறவர், அப்பவே டிவியிலேர்ந்து விசிஆர்ல பதிஞ்சு வச்சவரு. பரண்லேர்ந்து கேசட்டை எறக்குனா உள்ள ரீல் ஓரம் முழுக்க வெள்ளையா பூசணம். அப்படியே போட்டா விசிஆர் ஹெட்டும் போயிரும்னு கேசட்டோட ஸ்க்ரூவைக் கழட்டி, ரீலை மட்டும் எடுத்து வேற நல்ல கேசட் கூட்டுல மாத்தி, கையால மெதுவா சுத்திக்கிட்டே மெத்துன்னு துணியால துடைச்சாரு, ஓடற விசிஆர் எதுவும் கெடைக்காம பழைய இரும்புக் கடையில ரெண்டு வாங்கி ஒண்ணோட பார்ட்ஸை இன்னொண்ணுல போட்டு ஓட்டுனோம். ஒரு மணி நேர டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்த ஒரு மணி நேரம் முழுசா ஓடித்தான் ஆகணும், நடுவுல கோடு விழுந்தா திரும்ப முதல்லேர்ந்து. இவ்வளவு பண்ணியும் பாட்டி சாவியை எடுத்துக் கொடுக்கற சீன்ல பாதி வசனம் இல்ல, ஏன்னா அன்னிக்கு பதியும்போது கரண்ட் கட். கடைசி எபிசோடு யார்கிட்டயும் இல்ல, ஆத்தூர், நாமக்கல் வரைக்கும் விசாரிச்சாச்சு. இதோட ஒரிஜினல் மாஸ்டர் டேப் இருந்தா அது உங்க குடோன்லதான் இருக்கணும். இருக்கா இல்லையான்னுகூட நீங்க சொல்ல மாட்டேங்கறீங்க.

எங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கணக்கு சொல்லுங்க. பழைய எபிசோடை மாஸ்டர்லேர்ந்து சுத்தம் பண்ணி வெளியிட எவ்வளவு செலவு, எத்தனை பேர் முன்பணம் கட்டுனா உங்களுக்கு கட்டுபடியாகும், விட்டுப்போன கதையை பத்து எபிசோடாவது எடுத்து முடிக்க இன்னும் எவ்வளவு வேணும். நீங்க எழுத்துல சொல்லிட்டா ஆளைத் திரட்டறது எங்க வேலை.

இது நடக்காத காரியம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ‘ஸ்டார் ட்ரெக்’ ரெண்டாவது சீசனோட நிக்கப்போகுதுன்னதும் 1967-68ல பிஜோ ட்ரிம்பிள்னு ஒரு அம்மாவும் அவங்க கணவரும் லெட்டர் போராட்டம் நடத்துனாங்க, ஒரே மாதிரி அச்சடிச்சு அனுப்பாதீங்க, அவங்கவங்க சொந்தமா எழுதுங்க, ஒவ்வொருத்தரும் பத்து பேரை எழுத வைங்கன்னு ஒழுங்கு வச்சு. மூணாவது சீசன் வந்துச்சு. 2007ல ‘ஜெரிகோ’வை நிறுத்துனப்ப ரசிகருங்க சேனலுக்கு இருபது டன் வேர்க்கடலை அனுப்புனாங்க, சேனல் இறங்கி வந்து ஏழு எபிசோடு எடுத்துச்சு. அப்ப அந்த சேனல் தலைவரே ரசிகருங்களுக்கு பதில் லெட்டர் போட்டு, பார்க்கறவங்க எண்ணிக்கையைக் கூட்டித் தாங்கன்னு வெளிப்படையா கேட்டாங்க. கூட்டம் பத்தல, 2008ல மறுபடி நின்னுச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஆனாலும் அவங்களை மதிச்சு பதில் சொன்னாங்க பாருங்க, அது பெரிய விஷயம்.

எனக்கு எல்லாத்தையும் விட ‘வெரோனிகா மார்ஸ்’ கதைதான் முக்கியமாப் படுது. பாதியில நின்ன அந்த அமெரிக்க சீரியலைப் படமா எடுக்க 2013ல கிக்ஸ்டார்ட்டர்னு ஜனங்ககிட்ட பணம் திரட்டற வெப்சைட்ல இருபது லட்சம் டாலர் கேட்டாங்க, அரை நாள் ஆகறதுக்குள்ள அது சேர்ந்துருச்சு, கடைசியில 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலர் கொடுத்தாங்க, அடுத்த வருஷமே படம் வந்துருச்சு. பணத்தை விட அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாருங்க, ரைட்ஸ் வச்சிருந்த கம்பெனி முதல்ல சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வசூலே ஆரம்பிச்சுது. நாங்களும் இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கல. உங்க சம்மதம் இல்லாம வாங்குனா அது தப்பு. பேரு, ஊரு, எவ்வளவு கொடுக்கத் தயார்னு மட்டும் எழுதி வச்சிருக்கோம்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதுல தனி பயம் இருக்குங்க. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீங்க. டி.ஆர்.சுந்தரம் நூறு படத்துக்கு மேல எடுத்த ஸ்டுடியோவுல இன்னிக்கு மிச்சம் அதுதான். 1956ல அங்க எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கலர் படத்தை இப்பவும் வீட்ல உக்காந்து பார்க்கலாம். அதே கம்பெனி 1938ல எடுத்த ‘பாலன்’, மலையாளத்தோட முதல் பேசும் படம், ஒரு பிரிண்ட்கூட இல்ல. டேப்பும் ஃபிலிமும் சும்மா கிடந்தா கெட்டுப் போயிரும், ஏசி ரூம்ல வச்சுப் பாத்துக்கணும். ஒவ்வொரு மழைக்காலமும் போகப் போக எங்களுக்கு பதைபதைப்பாத்தான் இருக்கு.

2024ல ‘கில்லி’யை இருபது வருஷம் கழிச்சு ரீரிலீஸ் பண்ணப்ப தியேட்டர்ல எவ்வளவு கூட்டம்னு நீங்களும்தான பார்த்தீங்க. பழசுக்கு ஆள் வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பெரிய ஹீரோ இருந்தா மட்டும்தான் அது கணக்குல வருது. டிவி சீரியல் ரசிகன்னா வீட்ல உக்காந்து ஓசியில பாக்கறவன்தானன்னு ஒரு நினைப்பு. ஒரு டப்பிங் சீரியலுக்கு பஸ் ஸ்டாண்ட் முழுக்க போஸ்டர் ஒட்ட காசு இருக்கு, நம்ம ஆளுங்க மழையில நனைஞ்சு ஏற்காடு மலை உச்சி பகோடா பாயிண்ட்ல நின்னு நடிச்சதைப் பாதுகாக்க இல்லையா? மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் சூடா வந்துருச்சு, ஆனா மாத்தி எழுத மனசு வரல.

மறுபடியும் பணிவாவே கேக்கறோம். ஒரு கணக்கு சொல்லுங்க. அதுக்கு நாள் ஆகும்னா முதல்ல மாஸ்டர் டேப் இருக்கான்னு குடோன்ல பார்த்து ஒரு வரி எழுதுங்க. இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க, எங்ககிட்ட இருக்கற கேசட் அத்தனையையும் நாங்களே சென்னைக்கு எடுத்துட்டு வந்து உங்க கையில கொடுக்கறோம், அதுக்கு காசு எதுவும் வேண்டாம். லெட்டர்ல இருக்கற நம்பருக்கு எப்ப வேணா கூப்பிடுங்க, அண்ணன் ராத்திரி ஷிப்ட்ல இருந்தாலும் எடுப்பாரு.

இப்படிக்கு,
சேலம் ரசிகர்கள் சார்பா