மாத்திரை போட்ட பிறகு மிச்சமிருக்கும் பகல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளவயதில் தொடங்கும் சைக்கோசிஸ் என்கிற மனநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், தூக்கம் தலைகீழாவது என்று அறிகுறிகளையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். சீக்கிரம் வைத்தியம் தொடங்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் கட்டுரை மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிட்டது. மாத்திரை போட்ட பையன் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்கிறான், யாரோடு பேசுகிறான், எதை நினைத்து நொந்துகொள்கிறான் என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். என் அண்ணன் மகனுக்குப் பாலிடெக்னிக் படிக்கும்போது இந்த நோய் வந்தது. இப்போது குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. பகல்பொழுதைக் கழிப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

முதலில் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நோயில் பலருக்கு முகம் மரத்ததுபோல ஆகிவிடும். சில மாத்திரைகளும் அதைக் கூட்டும். பார்க்கிறவர்கள் "அவனுக்கு ஒண்ணும் உறைக்காதுப்பா" என்று சொல்லி, அவன் காதுபடவே எல்லாவற்றையும் பேசுவார்கள். எங்கள் அம்மா இறந்தபோது, பேரன் கல்லாட்டம் நிற்கிறான் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அன்று ராத்திரி அவன் ஆச்சியின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தது அவர்களுக்குத் தெரியாது.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துக் கேட்காமல், பகலில் பலமுறை ஒலிக்கும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டு, ஒலிக்கும்போதெல்லாம் "இப்போது யாரோடு இருக்கிறாய், மனசு எப்படி இருக்கிறது" என்று எழுதச் சொன்னார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சின்ன சங்கடங்கள்கூட மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கின்றன என்று அதில் தெரிந்தது. இந்த முறையில் நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: அவர்கள் தனியாக இருக்கும் நேரம் அதிகம், ஆனால் நல்லது ஏதாவது நடந்தால் அந்த நேரத்துச் சந்தோஷம் அவர்களுக்கும் கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. டீக்கடையில் நாலு பையன்கள் போனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று திரும்பிவந்து கதவைச் சாத்திக்கொள்வான். அன்றைய பொழுது அதோடு போச்சு. சில சமயம் அவர்கள் நிஜமாகவே இவனைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். அதையும் சொல்லியாக வேண்டும், எல்லாமே நோயின் கற்பனை இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அவன் வேறு ஆளாக இருப்பான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் எல்லோருமே சும்மா இருக்கும் காலம் அது. அதனால் "வேலைக்குப் போகலையா" என்று அவனை யாரும் கேட்பதில்லை. கிழிந்த வலையைச் சரிசெய்கிற இடத்தில் போய் உட்காருவான். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கை வேலை பார்க்கும், வாய் எப்போதாவது பேசும். அவனுக்கு அந்த அளவுப் பேச்சு போதும். சொன்ன வேலையை ஒழுங்காக முடித்து, கூலியும் வாங்கிவந்தான். ஜூன் பாதியில் கடல் திறந்ததும் தெரு காலியாகிவிடும். மாத்திரை மயக்கம் இருப்பதால் அவனைக் கடலுக்கு அனுப்ப நாங்கள் துணிவதில்லை. சிநேகிதர்கள் கடலுக்குப் போகிறார்கள், கரைக்கு வந்தால் தூங்குகிறார்கள். இவன் மறுபடி தனியாள். கிளினிக்கில் இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் கேட்பதற்கு நேரம் இருப்பதில்லை. மருத்துவரைக் குறை சொல்லவில்லை, அங்கே நிற்கும் கூட்டம் அப்படி.

வீட்டுக்குள் நடப்பதும் லேசான விஷயம் இல்லை. ஓயாமல் குறை சொல்லும் வீடுகளிலும், பின்னாலேயே போய்ப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீடுகளிலும் நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் பல வருடங்களுக்கு முன்பே கண்டார்கள். சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, நம் குடும்பங்களில் குறை சொல்வது லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். "தண்டச்சோறு" என்கிற வார்த்தை எங்கள் தெருவில் தினமும் காதில் விழுகிறது. அண்ணன் திட்டுவார், அண்ணி குளியலறை வாசல் வரை பின்னாலேயே போவார். இரண்டுமே பாசம்தான், ஆனால் இரண்டையும் அவனால் தாங்க முடியவில்லை.

கட்டுரையோடு சங்கிலி போட்ட கால் படம் ஒன்றை அச்சிட்டிருந்தீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்று எரிந்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்திருக்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதாகோயிலுக்கோ போகிறவர்களை நான் தடுப்பதில்லை. போகட்டும், மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும். ஆனால் இப்போதுதான் நோய் தொடங்கியிருக்கும் பிள்ளையின் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாரா, வீட்டுக்குள் ஒளித்துவைப்பாரா?

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். அப்படி வருகிறவர் இந்த மாதிரி பிள்ளை இருக்கும் வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "மாத்திரை சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்காமல், "நேத்து எங்கே போனே, யாரைப் பார்த்தே" என்றும் கேட்கப் பயிற்சி கொடுக்கலாம். மீனவர் சங்கங்களும் கரைவேலைக்கு ஆள் எடுக்கும்போது இவர்களைக் கூப்பிடலாம். அரை நாள் வேலை போதும், தர்மக் கூலி வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது 14416 என்ற எண்ணைக் கட்டாயம் போடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய, போனில் மனநல ஆலோசனை சொல்லும் சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அலுத்துப்போன அம்மா அப்பாவும் தங்களுக்காக அந்த எண்ணைக் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.